நாற்பது நிமிஷ முகம்

மூக்கு அரிக்கிறது. நுனியில் இல்லை, இடது பக்க மடிப்பில், மீசை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. கையைத் தூக்கிச் சொறிந்தால் அரை விநாடி வேலை. ஆனால் ஓவிய வகுப்பு எடுக்கிற மெர்லின் மிஸ் சொல்லியாயிற்று, நாற்பது நிமிஷம், கை மடியில், தலை ஜன்னல் பக்கம் சற்றே திரும்பி, பேச்சு கூடாது, கண் மட்டும் சிமிட்டலாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருத்தர் முறை. முறைக்காரர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார, மற்ற பதினோரு பேரும் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தை வரைய வேண்டும். இந்த வாரம் நான். உட்காரும்போதே கனகசபை, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆரம்பித்தார்: "சென்னியப்பன் நாப்பது நிமிஷம் சத்தம் போடாம இருந்தாருன்னா இன்னிக்குக் கோயமுத்தூர்ல மழை உண்டு." எல்லாரும் சிரித்தார்கள். துளசியும் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா, "பாதியில கொஞ்சம் தண்ணி காட்டுங்க மிஸ், இல்லீன்னா இஞ்சின் சூடாயிரும்" என்றாள். கட்டின பொண்டாட்டி. எனக்கு நேர் எதிரே, இரண்டு கஜ தூரத்தில், மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு பென்சிலும் சொரசொரவென்று காகிதத்தில் ஓடுகிற சத்தம், மரத்துக்குள் கரையான் அரிக்கிற சத்தம் போல இருக்கிறது. பழைய மேஜை ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து காதை வைத்துப் பார்த்தால் கேட்குமே, அது. அரிக்கட்டும். பதினோரு பேரில் பத்துப் பேர் எப்படி அரித்தாலும் எனக்குக் கவலை இல்லை. கனகசபை வரைவதைவிட ரப்பர் போட்டு அழிப்பதுதான் அதிகம், அவர் காகிதத்தில் என் முகம் இருக்காது, ஓட்டைதான் இருக்கும். இவள் பென்சில்தான். இவள் பென்சில் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது. நிற்கிறது, யோசிக்கிறது, ஓடுகிறது.

புதன்கிழமை மிஸ் போன் பண்ணியது. இரண்டு பேர் பெயருக்கும் என் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். "சார், சனிக்கிழமை ஆயில் பெயின்டிங் வகுப்பு ஒண்ணு எடுக்கறேன், ஆறே பேருக்குத்தான். ஒரு இடம் இருக்கு." எனக்குத்தான் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கடை வாசலுக்கே வந்துவிட்டேன், லாரி சத்தத்தில் சரியாகக் கேட்க வேண்டும் என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். "துளசி அம்மாவுக்குத்தான் சார். அவங்க கை ரொம்ப அபூர்வமான கை. காந்திபுரத்துல, மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. கேட்டுச் சொல்றீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரிஞ்சாப் போதும்." லாரி போய்விட்டது. காதைப் பொத்திய கை அப்படியே இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். புதன் ராத்திரி சோறு போட்டாள், சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனி. இன்றைக்குக் காலையில் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற நேரத்தில் நான் முன்னால் போய் மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னேன்: "அவளுக்கு முழங்கால் வலிங்க மிஸ். மூணு மாடி ஆகாது. வேண்டாம்னுட்டா." அவ்வளவு சுலபமாக வந்தது. முப்பது வருஷமாகப் பழைய லேத் மெஷினும் டிரில்லிங் மெஷினும் வாங்கி விற்கிறவன் வாய்க்குப் பொய் என்ன பாரமா? ஆனால் மெஷின் விஷயத்தில் சொன்ன எந்தப் பொய்யும் இப்படி நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றதில்லை. காலையில் குடித்த காப்பியையும் மீறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிஸ் இப்போது கனகசபைக்குப் பின்னால் நிற்கிறது. அடுத்து பல் டாக்டர் ஷகிலா. அதற்கடுத்து துளசி. துளசியிடம் போனால் வாயைத் திறக்குமோ. திறக்காது. ஏன் திறக்கப் போகிறது. வேண்டாம் என்றவளிடம் ஏன் வேண்டாம் என்று கேட்கிற பழக்கம் படித்தவர்களுக்குக் கிடையாது. ஆனால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் உண்டே. அடக்கடவுளே, அது உண்டே.

கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஒரு சொட்டு இறங்குகிறது. எனக்குத்தான் வரையத் தெரியும். அது இந்த ஊரறிந்த சங்கதி. எட்டாவது வரைக்கும் என் நோட்டில் கணக்கு இருந்ததைவிடப் படம்தான் அதிகம். அப்பா வேலை பார்த்த மில்லை மூடினார்கள், என்னை லேத் பட்டறையில் விட்டார்கள், பதிமூன்று வயசு. பட்டறையில் ஒரு மத்தியானம் இரும்புத் தகடு ஒன்றின் மேல் சாக்பீஸால் முதலாளி முகத்தை வரைந்தேன். முதலாளி பார்த்தார். விட்டார் ஓர் அறை. அத்தோடு பென்சிலை விட்டவன்தான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். மெஷின் வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், பெண் பார்க்கப் போனபோது மாமனார். "அச்சு அசல் அவரை மாதிரியே இருந்துச்சு, அதுதான் அவருக்குப் பொறுக்கலை" என்று முடிப்பேன். எல்லாரும் த்சொ த்சொ என்பார்கள். போன வருஷம் ஒரு பார்ட்டியோடு மல்லுக்கட்டிக் கத்தியதில் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மனசு லேசாகிற மாதிரி ஏதாவது பண்ணுங்கள் என்ற டாக்டரிடமும் சொன்னேன், அவர்தான் இந்த வகுப்பைச் சொன்னார். துளசி எதற்கு வந்தாள்? நான் மிஸ்ஸைத் திட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மிஸ் ஒரு காகிதம் கொடுத்தது. வாசலில் கோலம்கூட ஸ்டிக்கராக வாங்கி ஒட்டுகிறவள். பில் புக்கைத் தவிர வேறு எதிலும் பென்சில் வைக்காதவள். எனக்கு வெளிநாட்டுப் பென்சில் இருபத்து நான்கு, தகரப் பெட்டியோடு. அவளுக்குக் கடை மேஜையிலிருந்து எடுத்து வந்த துண்டுப் பென்சில், வெங்காயம் அரிகிற கத்தியால் சீவியது.

மூன்றாவது வாரம் ஒரு பித்தளைச் சொம்பும் இரண்டு கொய்யாப்பழமும் வைத்தார்கள். நான் விட்டேனா, சொம்பின் பளபளப்பு, அதில் ஜன்னல் தெரிவது, கொய்யாவின் காம்பு, மேஜை விரிப்பின் மடிப்பு எல்லாம் போட்டு இழைத்தேன். மிஸ் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க சார், நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்றது. மூன்று தடவை. வாங்குகிறவன் வாயால் மூன்று தடவை நல்லா இருக்கு என்று வந்தால் அவன் வாங்க மாட்டான் என்பது எனக்குத் தெரியாதா? அப்புறம் துளசி பின்னால் போய் நின்றது. ஒரே ஒரு கொய்யா, சொம்பின் விளிம்பு கொஞ்சம், மீதியெல்லாம் வெறும் காகிதம். மிஸ் பேசவில்லை. உண்மையாகவே ஆசை விழுந்த ஆள் மெஷின் முன்னால் இப்படித்தான் நிற்பான், கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கே பேசினால் விலை ஏறிவிடுமோ என்று. அன்றைக்குத் தொடங்கியது இந்த வயிற்றெரிச்சல். எரிச்சல் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே தொப்புளுக்கு மேலே நான்கு விரல் இடத்தில். மறுநாள் இரண்டு கிலோ கொய்யா வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டு, ஆட்கள் வருவதற்கு முன்னால் ஆறு மணிக்கே போய் ஒரு வாரம் வரைந்தேன். எத்தனை வரைந்தாலும் கிரிக்கெட் பந்து. பழத்தை வேலையாட்கள் தின்றார்கள். அடுத்த ஞாயிறு அவள் ரப்பரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆமாம், போட்டுக்கொண்டேன், அறுபத்தோரு வயசில். தேடினாள், கிடைக்கவில்லை, சரி போ என்று ரப்பர் இல்லாமலே வரைந்தாள். மிஸ் பார்த்துவிட்டு, "இனிமே ரப்பரே தொடாதீங்கம்மா" என்றது. சிரிப்புத்தான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பார்க்கிறாள். இப்போது என் நெற்றியைப் பார்க்கிறாள். இந்தப் பார்வையை நான் வாங்கியதே இல்லை. கல்யாணத்தன்றும் இல்லை. என்னைப் பார்க்கிற பார்வை இல்லை இது. பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிற பழைய மெஷினைப் பெயின்ட்டைத் தாண்டிப் பார்ப்போமே, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று, அந்தப் பார்வை. என் பார்வை. எங்கே கற்றாள்? இருபத்தெட்டு வருஷம் கடையில் பில் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வருகிற ஆளைத் தலை தூக்கி ஒரு தரம் பார்ப்பாள், அப்புறம் குனிந்துகொண்டு என்னிடம் மெதுவாக, "இவருக்குக் காப்பி சொல்லாதீங்க, வாங்கற ஆளில்ல" என்பாள். "அந்தப் பச்சைச் சட்டைக்காரர் இன்னிக்கே எடுப்பாரு, விட்டுக்குடுக்காதீங்க" என்பாள். சொன்னபடி நடக்கும். நான் பேரம் பேசி முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வேன், பார்த்தாயா சென்னியப்பன் சாமர்த்தியத்தை என்று. அப்படியென்றால் அந்த சாமர்த்தியமும்... இல்லை. அந்தப் பக்கம் போகக் கூடாது. பேரம் என்னுடையது. வாய் என்னுடையது. கால் மரத்துவிட்டது. வலது கால் கட்டை விரலை அசைத்துப் பார்க்கிறேன், செருப்பில்லாத கால், அசைந்தால் தெரியும், நிறுத்திக்கொள்கிறேன். அவள் கண் நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் தோல் சுடுகிறது. அவளால் என் பொய்யைப் பார்க்க முடியுமா? பொய் முகத்தில் எந்த இடத்தில் இருக்கும்? கண்ணுக்குக் கீழே இருக்கிற பையிலா?

நான் ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பட்டறையில், அந்த மத்தியானத்தில், முதலாளி தகட்டைக் குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "யார்ரா இது, உங்கொப்பனா?" அவ்வளவுதான். கோபமே இல்லை. அறை விட்டது அப்புறம், சாக்பீஸை வீணாக்கியதற்கு. அது அவரைப் போல இல்லை. அவருக்கே தெரியவில்லை அது அவர் என்று. நாற்பத்தெட்டு வருஷமாக அந்த அறையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைப் போட்டுப் புதைத்துவிட்டேன். என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், பிடுங்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, பிடுங்குவதற்கு அங்கே எதுவும் இல்லாதிருந்தால்? யாரும் எதையும் எடுக்கவில்லை, பெட்டி முதலிலிருந்தே காலி என்றால்? இவள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. நான் பாட்டுக்குப் பந்து போலக் கொய்யா வரைந்துகொண்டு, அந்தக் காலத்திலேயே கற்றுக்கொடுத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு, நிம்மதியாகச் செத்திருப்பேன். இவளுக்கு யாரும் அந்தக் காலத்தில் கற்றுக்கொடுக்கவில்லையே. இவளை யாரும் அறையவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஐந்தே மாசத்தில் இவள் கையில் வந்து உட்கார்ந்துகொண்டதே, எந்த நியாயத்தில்? நான் வரிசையில் நிற்கிறேன், வருஷக்கணக்காக நிற்கிறேன், துணைக்கு வந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை அவள் மூன்று மாடி ஏறுவாள், திரும்பி வரும்போது புடவையில் எண்ணெய்ச் சாய வாசனை அடிக்கும், சோறு போடுகிற கையில் நீலமோ மஞ்சளோ ஒட்டியிருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டே பிசைந்து தின்ன வேண்டும். முடியாது. சொன்னது சரிதான். முழங்கால் வலிதான்.

மிஸ் ஷகிலாவை விட்டு நகர்கிறது. துளசிக்குப் பின்னால் வந்துவிட்டது. நின்றுவிட்டது. கையைக் கட்டிக்கொண்டுவிட்டது. பேசவில்லை. பேசாமல் எவ்வளவு நேரம் நிற்கும்! என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. என் முகம்தான், எனக்குத்தான் தெரியாது அங்கே என்ன இருக்கிறதென்று. சொந்த முகத்தைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை, அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். போ மிஸ், நகர்ந்து போ. போகவில்லை. குனிகிறது. "அம்மா, முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறது. கேட்டேவிட்டது. எனக்குக் காதுக்குள் கும்மென்று அடைக்கிறது. "முழங்காலுங்களா?" என்கிறாள் துளசி, பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுக்காமல். "சார் சொன்னாரே. சனிக்கிழமை பெயின்டிங் வகுப்புல உங்களுக்குன்னு ஒரு இடம் வெச்சிருந்தேன். மூணு மாடி ஏற முடியாது, வேண்டாம்னு சொன்னீங்களாமே. பரவாயில்லம்மா, டாக்டரம்மா கேட்டுட்டே இருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடறேன்." பென்சில் நின்றது. துளசி என்னைப் பார்த்தாள். வரைகிற பார்வை இல்லை, பழைய பார்வை, என்னைத் தெரிந்த பார்வை. ஒரு விநாடிகூட இருக்காது. "ஆமாங்க மிஸ்" என்றாள். "வலது காலு. மூணு மாடின்னா ஆகாதுங்க. அவங்களுக்கே குடுத்துருங்க."

எனக்குத் தெரியும் இது என்ன என்று. இங்கே இருக்கிற வேறு யாருக்கும் தெரியாது. இது கடைப் பழக்கம். மூன்றாம் மனுஷர் முன்னால் நான் சொன்னதை அவள் மறுக்கக் கூடாது, அவள் சொன்னதை நான் மறுக்கக் கூடாது. பொள்ளாச்சிக்காரர் ஒருத்தரிடம், அந்த லேத்துக்கு நேற்றே அட்வான்ஸ் வாங்கியாயிற்று என்று நான் வாய்க்கு வந்ததை அளந்தால், அவள் பில் மேஜையிலிருந்து தலையே தூக்காமல், "ஆமாங்க, திருப்பூர் பார்ட்டி" என்பாள். ஊர் பெயர்கூட நான் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போய் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், வாசலில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருதரம் தவறியதில்லை. அந்தப் பழக்கத்தில், எதை விற்கிறோம் என்று பார்க்காமலே, தன் இடத்தைத் தானே விற்றுவிட்டாள். ஷகிலா அந்தப் பக்கம், "ஐயோ, நிஜமாவா மிஸ்?" என்று பூரிக்கிறாள். முடிந்தது. பிழைத்தேன். எனக்கு இப்போது மூச்சு சீராக வர வேண்டும். வரவில்லையே. ஏனென்றால் துளசி மறுபடி குனிந்துகொண்டாள். பென்சில் மறுபடி ஓடுகிறது, முன்பு எப்படி ஓடியதோ அப்படியே. ஒரு பெருமூச்சு இல்லை. என்ன வகுப்பு, என்ன சாயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் என் கன்னத்துக்கு வந்திருக்கிறது, சாந்தமாக, அளந்துகொண்டு. நாற்பத்தெட்டு வருஷம் நான் வாசலில் நின்று ஏங்கிய சாமான், அதை இவள் கறிவேப்பிலையைக் கிள்ளி ஓரத்தில் வைப்பது போல வைத்துவிட்டாள். இவளுக்கு அது வேண்டக்கூட வேண்டாம். அழுதிருந்தால், முறைத்திருந்தால், ஒரு சொட்டாவது முகம் கறுத்திருந்தால் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், சத்தியமாக. வேண்டுகிறவனுக்கு இல்லை, இருக்கிறவள் யோசிக்காமல் தூக்கிக் கொடுக்கிறாள், அதையும் யாருக்காக, எனக்காக, இந்தப் பொய்க்காக, இந்த ரப்பர் திருடனுக்காக. ரத்தம் தலைக்கு ஏறுகிறது. டாக்டர் சொன்ன அதே ஏற்றம். காது மடல் கொதிக்கிறது. இதை நான் எப்படி வாங்கிக்கொள்வது, இவ்வளவு சல்லிசாகக் கிடைத்ததை எந்த வியாபாரி வாங்குவான்?

"அவளுக்கு முழங்கால் வலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாதுங்க!"

கத்திவிட்டேன். கனகசபை கையிலிருந்து ரப்பர் விழுந்து உருண்டது. தலை முழுக்கத் திரும்பிவிட்டது, கை மடியை விட்டு எழும்பிவிட்டது. "பழனிப் படி அத்தனையும் ஒரே மூச்சில ஏறுவா. ஏறி நின்னுட்டு, வாங்க வாங்கன்னு மேலிருந்து என்னைக் கூப்பிடுவா. நான் அவகிட்டக் கேக்கவே இல்லைங்க. நீங்க போன் பண்ணினது அவளுக்குத் தெரியவே தெரியாது. நாலு நாளா நான் வாயில போட்டு அடக்கிட்டேன்." மிஸ் முகம் சின்னதாகிப் போயிற்று. "ஏன் சார்?" என்றது. "ஏனுங்களா? உங்களுக்குக் கண்ணில்லீங்களா? வாரா வாரம் எங்க ரெண்டு பேர் காயிதத்தையும் நீங்கதானே பாக்கறீங்க?"

பதினோரு பென்சிலும் நின்றுவிட்டன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கனகசபைதான் கனைத்துக்கொண்டு, "மிஸ், சார் திரும்பிட்டாரு, என் படத்துல காது எங்க போறதுன்னு தெரியலை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. துளசி பலகையைப் பிடித்த கை இறுகியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது. அதை நான் பார்த்தேன். கறுத்துவிட்டது முகம், கேட்டேனே, இதோ கறுத்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் மிஸ் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குங்க?"

"பத்து மணிக்கும்மா."

"வர்றனுங்க. டாக்டரம்மா, மன்னிச்சுக்குங்க."

ஷகிலா பரவாயில்லை என்றாளோ என்னவோ. துளசி துண்டுப் பென்சிலை விரலில் திருப்பிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தாள், கண்ணால். மறுபடி அந்தப் பார்வை. பெயின்ட்டைத் தாண்டிப் பார்க்கிற பார்வை.

"ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம். வாயை மூடுங்க, அதை இன்னும் வரையலை."

மூடினேன். உள்ளே பல்லோடு பல் நறநறத்தது. தாடை எலும்பு துடிப்பது எனக்கே தெரிந்தது. பென்சில் மெதுவாக இறங்கி, அந்த இடத்துக்கு வந்து, அழுத்தி ஒரு கோடு போட்டது.